உடைப்பதற்கென்றே செய்த முகங்கள்

தியாகராய நகரில் அசுர முகம் வாங்குவது எளிது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரைச் சுற்றியுள்ள சந்துகளிலும் பூஜைச் சாமானும் பொம்மையும் விற்கும் கடைகளில் திருஷ்டி முகங்கள் தொங்கும். முட்டைக் கண், கோரைப்பல், முறுக்கு மீசை, வெளியே தள்ளிய சிவப்பு நாக்கு. புது வீட்டுக்கு ஒன்று, கடை வாசலுக்கு ஒன்று என்று வாங்கிப் போவார்கள். ஆனால் 50 ஆண்டுக்கு முந்தைய திருஷ்டி முகம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் எங்கே போவது? மாயாஜாலப் படத்துப் பூதத்தின் கொம்பு, பேய்ப் படத்தில் நடிகர் மாட்டிக்கொண்ட முகமூடி, படம் வெளியானபோது தியேட்டர் வாசலில் நின்ற கட்அவுட் ஆகியவற்றை எங்கே தேடுவது?

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பொருள்களைச் சேகரிப்பதற்கு ஏலக்கூடங்களும் விலைப்பட்டியல்களும் போலிகளைக் கண்டுபிடிக்கும் நிபுணர்களும் உண்டு. அச்சமூட்டும் முகங்களுக்கு நம்மிடமும் பஞ்சமில்லை. கோயில் விமானத்துக் கீர்த்திமுகம் தொடங்கி லாரியின் பின்புறத்து அசுரன் வரை எங்கும் அவை உண்டு. பிறகு ஏன் சேகரிப்பு மட்டும் உருவாகவில்லை? எஞ்சியிருப்பவை எவை, எவற்றை வாங்கலாம், எவற்றைத் தொடக்கூடாது, சென்னையின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நடுவே எப்படிக் காப்பது என்ற கேள்விகளை இந்தக் கட்டுரை வரிசையாக எடுத்துக்கொள்கிறது.

ரப்பர் முகங்களின் சந்தை

பழைய பூத முகமூடிகளைச் சேகரிப்பது ஒரு துறையாக வளர்ந்தது அமெரிக்காவில். யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இரண்டையும், 1932-இல் ‘தி மம்மி’யையும் வெளியிட்டது. ஒரு தலைமுறை கழித்து, 1957-இல், இந்தப் பழைய படங்கள் தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பேய் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை நம்பி 1958-இல் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற பத்திரிகை தொடங்கியது. ஆசிரியர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன். அதன் பக்கங்களில் தபாலில் வாங்கக்கூடிய முகமூடிகளின் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. 1938-இல் தொடங்கிய டான் போஸ்ட் நிறுவனம் செய்த, தலை முழுவதையும் மூடும் ரப்பர் முகமூடிகளுக்கு அவற்றில் தனி மதிப்பு இருந்தது.

இவையும் பிள்ளைகள் மாட்டிக் கிழித்துப்போடச் செய்த சரக்குதான். ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் கொலைகாரன் அணிந்த வெள்ளை முகம், ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் சாயலில் டான் போஸ்ட் நிறுவனம் விற்ற மலிவான கடை முகமூடி. படக்குழுவினர் அதற்கு வெள்ளையடித்து, கண் துவாரங்களைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். அன்று ஒன்றிரண்டு டாலருக்கு வாங்கிய அந்த முகம் இன்று அந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற பொருள்களில் ஒன்று. காகிதமும் இதே போல்தான். ‘தி மம்மி’யின் அசல் போஸ்டர் 1997-இல் 4,53,500 டாலருக்கும், ‘டிராகுலா’வின் போஸ்டர் 2017-இல் 5,25,800 டாலருக்கும் ஏலம் போயின. தியேட்டர்காரர் படம் முடிந்ததும் கிழித்திருக்க வேண்டிய தாள்கள் அவை.

மலிவுச் சரக்குக்கு இந்த மதிப்பு வந்ததற்கு அதன் அருமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் சான்று இருந்தது. எந்த முகமூடி எந்த ஆண்டு எந்த அச்சில் வார்க்கப்பட்டது, யார் செய்தது, என்ன விலைக்கு விற்றது என்பது பழைய விளம்பரங்களிலும் விலைப்பட்டியல்களிலும் பதிவாகியிருந்தது. 40 ஆண்டு கழித்து ஒருவர் கையில் பழைய ரப்பர் முகம் ஒன்று சிக்கினால் அதற்குப் பெயரும் பிறந்த ஆண்டும் சொல்ல முடியும். நம் பக்கத்தில் பொருளோடு சேர்ந்து தொலைந்துபோனது இந்த எழுத்துதான்.

வாசலில் தொங்கும் முகம்

திருஷ்டி முகத்துக்கு ஒரு வேலை உண்டு. வீட்டின்மேல் விழும் பார்வையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டிடம் எழும்பும்போது சாரத்தில் கட்டும் வைக்கோல் பொம்மை, கரும்புள்ளி செம்புள்ளி குத்திய மண்சட்டி, அசுர முகம் வரைந்து தொங்கவிடும் பூசணிக்காய், கறுப்புக் கயிற்றில் கோத்த படிகாரம் எல்லாமே இந்த வேலைக்கு வந்தவை. பூசணிக்காய் வேலை முடிந்ததும் நடுத்தெருவில் உடைபடும். ஆயுத பூஜைக்கு மறுநாள் தியாகராய நகர்த் தெருக்களில் வண்டி சறுக்கும் அளவுக்கு அதன் சதை கிடக்கும். ஆண்டுதோறும் போலீசும் மாநகராட்சியும் எச்சரிப்பதும் வழக்கமாகிவிட்டது. உடைபடாத முகம் வெயிலில் வெளுக்கும், மழையில் ஊறும்; புதியது வந்ததும் பழையது குப்பைக்குப் போகும்.

இந்த முகத்துக்குப் பழையசாமான் சந்தை உருவாகாததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. பத்து வருடம் வாசலில் தொங்கிய முகம், அந்த வீட்டுக்கு வந்த பார்வையை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறது என்பது நம்பிக்கை. அடுத்த வீட்டுத் திருஷ்டியைக் காசு கொடுத்து வாங்கி யார் தன் கூடத்தில் மாட்டுவார்? அமெரிக்கச் சேகரிப்பாளருக்குப் பயன்பட்ட தடம் விலையைக் கூட்டும். இங்கே அதே தடம் பொருளைத் தீண்டத்தகாததாக்கிவிடும். நம்பிக்கை இல்லாதவர்கூட அம்மா என்ன சொல்வாளோ என்று தயங்குவார்.

இதனால் செய்முறை மாறிய வரலாறும் கண்ணில் படாமல் போயிற்று. மண்ணும் காகிதக்கூழும் இருந்த இடத்தை அச்சில் அழுத்திய பிளாஸ்டிக்கும் ஃபைபரும் பிடித்தன. சென்னையில் புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டை, கடலூர்ப் பக்கம் பண்ருட்டியும் வண்டிப்பாளையமும், மதுரைக்கருகே விளாச்சேரி ஆகியவை பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன இடங்கள். கொலுவுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் செய்யும் பொம்மைகளின் பெயரில் இவ்வூர்களுக்குப் புகழ் உண்டு. அசுர முகத்தை யாரும் ஊர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது பெரும்பாலும் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. கொலுப் பொம்மை வழிவழியாக வரும் சொத்து. பாட்டியின் மரப்பெட்டியிலிருந்து பேத்தியின் படிக்கட்டுக்கு வருவதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெட்டிக்குள் தசாவதார செட்டில் நரசிம்மர் மடியில் கிடக்கும் இரணியன், மகிஷாசுரமர்த்தினியின் காலடியில் எருமைத்தலையன், கும்பகர்ணனை எழுப்ப முரசடிக்கும் குட்டி ராட்சதர்கள் எல்லோரும் துணியில் சுற்றி உறங்குகிறார்கள். நவராத்திரி நெருங்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கூடும் பொம்மைக் கடைகளில் புதியவை கிடைக்கும். காகிதக்கூழிலும் களிமண்ணிலும் செய்த பழைய ராட்சதர்களைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது மாம்பலத்து, மயிலாப்பூர்ப் பாட்டிமார்களை. சாமியோடு சேர்ந்து வந்ததால்தான் அசுரன் பிழைத்தான்.

அரிதாரம், சூரன் தலை, மெலட்டூர்

கூத்து மரபிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் முகமூடி அபூர்வம். துச்சாதனனின் கோபமும் வீரபத்திரனின் உக்கிரமும் அரிதாரத்தில் எழுதப்படுபவை. இரவு முழுவதும் ஊரை நடுங்கவைத்த முகம் விடிந்ததும் எண்ணெய் போட்டுத் துடைக்கப்படும். எஞ்சுபவை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும். கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செய்வதால் பூச்சிக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் இரையாகும். ஆயினும் கூத்துப் பொருளில் சேகரிக்கத்தக்கவை இவைதாம். முகத்தைச் சேகரிக்க நினைத்தால் ஒப்பனை நடக்கும் மூன்று நான்கு மணி நேரத்தைப் படம்பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாசி அமாவாசையையொட்டி அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் மயானக் கொள்ளை இன்னும் ஒரு படி மேலே போகிறது. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் பெரிய அளவிலும், சென்னையின் பல அங்காள பரமேசுவரி கோயில்களில் அவரவர் அளவிலும் இது நடக்கும். காளி வேடக்காரர்கள் ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குப் போவார்கள். அங்கே படைத்தவை சூறையாடப்பட்டுக் கைகளிலும் மடிகளிலும் சிதறும். சிதறுவதே அந்தச் சடங்கின் முடிவு.

அழியாமல் தங்குபவை சூரசம்ஹாரத்து அசுரத் தலைகள். திருச்செந்தூரில் கந்தசஷ்டியன்று யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் என்று தலைகள் மாறிமாறி வந்து முருகனின் வேலுக்கு விழும். சென்னையிலும் வடபழனி, கந்தகோட்டம் போன்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவின் முடிவில் மகிஷாசுரன் கடற்கரையில் தலை மாற்றிப் போரிடுவான். ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுப்பட்டாலும் அடுத்த ஆண்டு மீண்டும் வந்தாக வேண்டும் என்பதால் இந்தத் தலைகளைக் கோயில் பாதுகாக்கிறது, வண்ணம் பூசிப் புதுப்பிக்கிறது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் பங்குனி விழாவில் சாமி ஏறிவரும் பூத வாகனமும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பழைய மரப் பூத முகங்களைப் பார்க்க விரும்புபவர் போக வேண்டியது கோயில் வாகன மண்டபங்களுக்கு. ஒவ்வொரு தலைமுறையும் மேலே பூசிய வண்ணம் பழையதை மறைத்துவிடுவது ஆய்வாளருக்குத் தலைவலி. ஆனால் அந்தப் பூச்சுதான் உள்ளேயிருக்கும் மரத்தைக் காத்தது.

இந்த வரிசையின் உச்சம் தஞ்சை மாவட்டத்து மெலட்டூர். நரசிம்ம ஜெயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளாவில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் பிரகலாத நாடகத்தில் நரசிம்மர் வருவார். அந்த முகமூடி ஆண்டு முழுவதும் பூஜையில் இருப்பது. அணிபவர் விரதமிருந்து அணிவார். ஆவேசம் மிகுந்தால் பிடித்துக்கொள்ள ஆள்கள் பக்கத்தில் நிற்பார்கள். உக்கிரமான முகமூடி ஒன்று தலைமுறைகளைக் கடந்து இருக்கிறது என்றால், அது யாருடைய உடைமையாகவும் இல்லாததால்தான். அதற்கு விலை கேட்பதே அபத்தம்.

கோடம்பாக்கத்துப் பேய்கள்

சினிமாவில் நிலைமை வேறாக இருந்திருக்க வேண்டும். பூதங்களைப் பட்டியல் போட்டுத் தயாரித்த ஊர் இது. ஏ.வி.எம்.மின் ‘வேதாள உலகம்’ 1948-இல் வந்தது. ஜூபிடரின் ‘மர்மயோகி’ (1951), ஆவி தோன்றும் காட்சிகளுக்காக ‘ஏ’ சான்றிதழ் பெற்றது. தமிழில் அச்சான்று பெற்ற முதல் படம் என்று அதைச் சொல்வார்கள். வடபழனி வாஹினி அரங்குகளில் ‘பாதாள பைரவி’யும் (1951) கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் நின்ற ‘மாயா பஜா’ரும் (1957) உருவாயின. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தில் எம்.என். நம்பியாரின் தொண்டுகிழ ஒப்பனை, ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் ஜாவர் சீதாராமனின் பூதம், அதே ஆண்டு ‘அதே கண்கள்’ படத்தில் முகத்தை மறைத்த கொலைகாரன், பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்துத் தமிழிலும் ஓடிய ‘ஜெகன்மோகினி’ (1978) என்று நீளும் வரிசை இது.

இவற்றில் எந்த முகமாவது எங்காவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகி, அவருடைய பொருள்களோடு பதப்படுத்திய சிங்கத்தையும் காட்டுகிறது. அடையாறில் சிவாஜிக்கு மணிமண்டபம் உண்டு. வடபழனியில் 2023-இல் திறந்த ஏ.வி.எம். அருங்காட்சியகத்தில் பழைய கார்களும் கேமராக்களும் இருக்கின்றன. நாயகனின் பொருளுக்கு மதிப்பு வந்துவிட்டது. பூதத்தின் கொம்புக்கு வரவில்லை.

இதற்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. படச் சாமான் பெரும்பாலும் வாடகைச் சாமான். ஒரு படத்தில் மந்திரவாதியின் கையில் இருந்த கபாலம் அடுத்த மாதம் வேறு படத்தில் காபாலிகன் கழுத்தில் தொங்கும். அதன் பிறகு பள்ளி மாறுவேடப் போட்டிக்கும் போய்வரும். கடைசியில் ஓட்டையாகிக் குப்பை. வாஹினி அரங்குகள் நின்ற வளாகத்தில் இன்று மாலும் மருத்துவமனையும் இருக்கின்றன. அரங்கம் போகும்போது அதன் கிடங்கும் போகும். தியேட்டர் வாசலின் கையால் வரைந்த பேனர்களும் அப்படியே. படம் தூக்கப்பட்டதும் அதே துணியின் மேல் அடுத்த படம் வரையப்படும். பேயின் முகத்தின் மேல் குடும்பப் படத்து அம்மாவின் முகம் ஏறும். பிறகு ஃப்ளெக்ஸ் வந்து துணி பேனரையே முடித்துவைத்தது.

பின்னால் வந்த உயர்ரக ஒப்பனையும் சேகரிப்பாளருக்கு உதவவில்லை. ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ (இரண்டும் 1996) படங்களுக்கு ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வந்தார். ஷங்கரின் ‘ஐ’ (2015) படத்தின் கோர உருவத்துக்கு நியூசிலாந்தின் வீட்டா ஒர்க்‌ஷாப் பங்களித்தது. இப்படி முகத்தில் ஒட்டும் ரப்பர்த் தோல் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒட்டி இரவில் கிழித்தெறியப்படுவது. எஞ்சுவது நடிகரின் முகத்தில் எடுத்த வார்ப்பும் அச்சும் மட்டுமே. இப்போதைய பேய்களில் பாதிக்கு உடம்பே இல்லை. கணினிக் கோப்புகளாகவே பிறந்து கோப்புகளாகவே கிடக்கின்றன. ஆகவே சினிமா முகமூடி தேடுபவர் முகமூடியை விட்டு அச்சு, வரைபடம், ஒப்பனைச் சோதனைப் புகைப்படம் ஆகியவற்றைத் தேடுவதே நல்லது. ஒப்பனைக் கலைஞர்களின் வீட்டு அலமாரிகளில் இவை இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குடும்பங்கள் வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும் வாய்ப்பும் அதிகம்.

காகிதத்தில் பிழைத்த பூதங்கள்

நம்மிடம் உண்மையிலேயே சேகரிப்பாகத் திரண்டது காகிதம். தியேட்டர் வாசலில் சில அணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாட்டோடு கதைச் சுருக்கமும் நடிகர், கலைஞர் பட்டியலும் இருக்கும். ஒப்பனை யார், உடை யார், அரங்க அமைப்பு யார் என்பது அதில் அச்சாகியிருக்கும். பூதத்தின் முகம் தொலைந்துபோனாலும் அதைச் செய்த குழுவின் பெயர் இங்கே பிழைத்துவிட்டது. அமெரிக்கர்களுக்கு முகமூடி விளம்பரம் செய்த வேலையை நமக்குப் பாட்டுப் புத்தகம் ஓரளவு செய்கிறது.

வேதாளத்துக்கு முகம் கொடுத்தது 1947-இல் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய சிறுவர் பத்திரிகை ‘அம்புலிமாமா’. உருவிய வாளோடு விக்கிரமாதித்தன், தோளில் பிணம், அதற்குள் வேதாளம் என்று அதன் வேதாளக் கதைத் தொடருக்கு வரைந்த ஓவியர் சங்கர் 2020-இல் 96 வயதில் சென்னையில் காலமானார். மறு ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஹாலிவுட்டின் ஃபிராங்கன்ஸ்டைன் அங்கே செய்ததை இங்கே அவருடைய கோடுகள் செய்தன. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பேயை இப்படித்தான் கற்பனை செய்துகொண்டார்கள். சிவகாசியிலிருந்து 1972-இல் ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’ சேர்ந்தது. பழைய இதழ்களுக்கு இன்றும் போட்டி போடும் வாசகர் கூட்டம் இவற்றுக்கு உண்டு. பேய்க்கதை மன்னன் என்று பெயரெடுத்த பி.டி. சாமியின் நாவல்களும், இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மத் தொடர்களும், மாத நாவல்களின் மிரட்டும் அட்டைகளும் அடுத்த அடுக்கு. இந்த அட்டை ஓவியத்தைக் கலையாக மதித்துத் தனி நூலாக்கியது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். தமிழ் மாத நாவல் அட்டைகளில் புகழ்பெற்ற ஷ்யாமின் ஓவியங்களோடு, அரக்கர்களும் இளம்பெண்களும் காதலிக்கும் ‘குமாரி லவ்ஸ் எ மான்ஸ்டர்’ 2010-இல் வந்தது.

இவையெல்லாம் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டில் கிடைத்தன. 1985 மே 30 அன்று அது எரிந்தது. பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகள் 2013-இல் வளாகத்துக்குள் மாற்றப்பட்டன. 2019-இல் சாலை நடைபாதை வளாகமானது. மயிலாப்பூர் லஸ் பகுதியின் பழைய புத்தகக் கடைகளும் எடைக்கு வாங்கும் கடைகளும் இன்னும் கொஞ்சம் மீன் பிடிக்கக்கூடிய நீர்நிலைகள்.

அக்கரையில் என்ன நடந்தது

இதே சிக்கலுக்கு இலங்கை வேறு விடை கண்டது. காலி வீதியிலுள்ள அம்பலாங்கொடை, சிங்கள முகமூடிக் கலையின் ஊர். நோய் விரட்டும் சன்னி சடங்கில் 18 பேய்கள் வரும். செவிட்டுக்கு ஒன்று, குருட்டுக்கு ஒன்று என்று நோய்க்கு நோய் முகம் மாறும். கதுரு என்ற இலேசான மரத்தில் செதுக்குவார்கள். சடங்கு குறைந்துவந்தபோது செதுக்கும் குடும்பங்கள் பட்டறையோடு சேர்த்துக் காட்சிக்கூடமும் அமைத்துக்கொண்டன. 1987-இல் திறந்த அரியபால முகமூடி அருங்காட்சியகம் அப்படிப் பிறந்தது. எந்த முகம் எந்த நோய்க்கு, எந்தக் கதைக்கு என்ற விளக்கம் பொருளோடு சேர்ந்தே விற்பதால் சுற்றுலாப் பயணி வாங்கிப்போகும் மலிவு நாக ராட்சசனுக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் சூரன் போரில் ஆட்டிவரும் சூரனுக்கோ, நம் கொசப்பேட்டை முகத்துக்கோ அந்த விளக்கச் சீட்டு இல்லை. ஊடகங்களும் விழாக்களும் இரு கரையிலும் ஒரே போல் மாறின; செய்தவனே காட்சியாளனாகவும் ஆனது அங்கே மட்டும் நடந்தது.

வாங்கலாம், தொடக்கூடாது

பழைய மர முகம் ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கோயிலிலிருந்து என்பது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். குறிப்பிட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வாகனத்திலிருந்தோ சூரன் பொம்மையிலிருந்தோ கழற்றிய தலை எவ்வளவு மலிவாக வந்தாலும் அது கோயில் சொத்து. தமிழ்நாட்டின் சிலைக் கடத்தல் வழக்குகளைப் படித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உண்மையான பல், நகம், கொம்பு, தோல் பொருத்திய முகங்களை அதே 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து ஒதுக்கிவிடுவது நல்லது.

போலி பற்றியும் ஒரு சொல். புகையில் காட்டி, டீத்தண்ணீர் பூசி, மூலையைக் கொஞ்சம் உடைத்துப் ‘பழைய’தாக்குவது எல்லாச் சந்தைக்கும் பொது. நெற்றி வெளுத்து உள்புறம் அழுக்கில்லாத முகத்தைச் சந்தேகப்படலாம். அணிந்த முகமூடிக்கு வியர்வைத் தடம் உள்ளே இருக்கும், வெளியே அல்ல.

சென்னையில் காப்பது

மூன்று பொருளுக்கு மூன்று குணம். ரப்பர் பாலில் வார்த்த முகமூடிக்கு வெளிச்சம், வெப்பம், காற்றிலுள்ள ஓசோன் மூன்றும் எதிரி. முதலில் பிசுபிசுக்கும், பிறகு இறுகும், கடைசியில் பிஸ்கட்டாக நொறுங்கும். மடித்து வைத்தால் மடிப்பிலேயே பிளக்கும். தலை அளவுக்கு ஒரு தாங்கி செய்து, அமிலமில்லாத தாளை உள்ளே திணித்து, இருட்டில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பரண் அடுப்பாகிவிடும், அங்கே ஏற்றக்கூடாது. மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் ரப்பர் தானே வெளிவிடும் வாயுவில் தானே கெடும்.

காகிதக்கூழுக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் எதிரி ஈரமும் பூச்சியும். கூழில் புளியங்கொட்டை மாவோ மைதாவோ இருப்பதால் கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. இதைத் தெரிந்த தொழிலாளர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது தாமிர உப்பு. காகிதத்தைக் காக்கும் அதே தாமிரம் ரப்பரை வேகமாக அரிக்கும். ஆகவே மயில்துத்தம் போட்ட காகிதக்கூழ் முகத்தையும் ரப்பர் முகத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாகாது. தாமிர ஆணியில் ரப்பர் முகத்தை மாட்டவும் கூடாது.

மரத்துக்கு வேண்டியது நிதானம். ஏசி அறையில் எட்டு மணி நேரம், பிறகு புழுக்கம் என்று மாறிமாறி வைத்தால் மரம் விரிந்து சுருங்கி வண்ணம் உதிரும். இயல்பான காற்றோட்டமே மேல்.

தியாகராய நகர்வாசிக்கு இன்னொரு எச்சரிக்கை தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மாம்பலம் பகுதித் தெருக்கள் குளமானது நினைவிருக்கும். தரைத்தள அலமாரியின் கீழ்த்தட்டில் காகிதம் வைப்பவர் அடுத்த ஐப்பசிக்குப் பந்தயம் கட்டுகிறார்.

முதலில் எழுத்து

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அச்சமூட்டும் முகத்தை நம்மவர்கள் வேலைக்காகச் செய்தார்கள். வேலை முடிந்ததும் உடைத்தார்கள், துடைத்தார்கள், கிழித்தார்கள், மேலே வேறொன்றை வரைந்தார்கள். இதை அலட்சியம் என்று திட்டுவது சரியல்ல. உடைபடாத பூசணிக்காய்க்கு அர்த்தமே இல்லை. பிழைத்தவை, மீண்டும் வேலைக்கு வர வேண்டிய சூரன் தலையும், சாமியோடு வந்த கொலு ராட்சதனும், பூஜையில் அமர்ந்த மெலட்டூர் முகமும், எடைக்குப் போகாமல் தப்பிய காகிதமும்.

ஆகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளரைப் போலப் பொருளின் பின்னால் ஓடுவது இங்கே பாதி வேலையைக்கூடச் செய்யாது. கொசப்பேட்டையில் திருஷ்டி முகம் வாங்குபவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றை வாசலுக்கும் ஒன்றை அலமாரிக்கும் தரலாம். அலமாரியில் இருப்பதோடு ஒரு சீட்டு: செய்தவரின் தொழில் முறை, ஊர், மூலப்பொருள், அச்சு அவருக்கு எப்படி வந்தது, விலை, வாங்கிய தேதி, எந்தப் பயனுக்கு, பயன் முடிந்தால் என்ன செய்வார்கள். செய்தவரின் சம்மதத்தோடு ஒரு புகைப்படம். இது இல்லாத முகம் 30 ஆண்டு கழித்து வெறும் அலங்காரம்.

சேகரித்தவருக்குப் பிறகு என்ன என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். ஆக்கர்மன் தன் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் வாழ்நாளெல்லாம் திரட்டிப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்த பெருந்தொகுப்பில் எஞ்சியிருந்தது, 2008-இல் அவர் மறைந்ததும் அடுத்த ஆண்டே ஏலத்தில் சிதறியது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயின. இன்று தரமணியில் யாரும் போய்ப் படிக்கலாம். திரை வரலாற்றாளர் பிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பைத் தமிழக அரசே வாங்கியது. பணத்தில் ஆக்கர்மனின் தொகுப்பு பெரியது. நிலைத்தது முத்தையாவினுடையது. அதை ஏற்றுக்கொள்ள ஓர் அமைப்பு இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியலும் இருந்தது. பூதங்களுக்கு அந்தப் பட்டியலை இன்னும் யாரும் தொடங்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.